இடப்பக்கத்து அனல்

ஏப்ரல் 4, வியாழன்

இந்த நோட்டு என் மனைவி சாந்தாமணியின் உடம்புச் சூட்டைப் பற்றியது. எழுதுவது நான், அவள் கணவன் தெய்வசிகாமணி.

டாக்டர் வசந்தகுமாரி அவளிடம்தான் சொன்னார்: "எப்பெப்ப சூடு வருது, எங்க இருக்கறப்ப வருது, எவ்வளவு நேரம் இருக்குதுன்னு மூணு வாரம் எழுதிட்டு வாங்கம்மா. அதப் பாத்துட்டு மாத்திரை வேணுமான்னு முடிவு பண்ணலாம்." நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். அவள் எழுதத் தெரியாதவள் அல்ல, இருபத்து நான்கு வருடமாகப் பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கிறாள். ஆனால் குறை கண்டுபிடிப்பது தனித் தொழில். கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாகத் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். நான் பாஸ் போட்டு அனுப்பிய துணி ஒரு மீட்டர்கூடத் திரும்பி வந்ததில்லை.

நோயாளி விவரம்: வயது நாற்பத்தொன்பது. சர்க்கரை இல்லை. தைராய்டு பார்த்தாயிற்று, இல்லை. இரண்டு கோடையாகத் திடீர் திடீரென்று உடம்பு எரிகிறது என்கிறாள். முகம் சிவக்கிறது, கழுத்தெல்லாம் வேர்வை. இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான்.

ஏப்ரல் 5, வெள்ளி

காலை 8.20. இடம்: திருக்காம்புலியூர் ரவுண்டானா, காரில். பள்ளியில் இறக்கிவிடும்வரை இருந்தது. இறங்கியதும் நின்றுவிட்டது.

மாலை 5.05. இடம்: கோவை ரோடு, காரில். வீடு வரும்வரை. இறங்கியதும் நின்றுவிட்டது.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை. அடுப்படியில் நின்று முறுக்குச் சுட்டாள். ஒரு தடவைகூட வரவில்லை. விசித்திரமான நோய்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை 8.15, காரில்.

"என்னங்க, ஏசி சுடு காத்தா வருதுங்க," என்றாள்.

இதை அவள் சொல்வது முதல் முறையல்ல. நானும் பொறுமையாக விளக்குவது முதல் முறையல்ல. ஏசி பிரமாதமாக வேலை செய்கிறது. ஸ்டியரிங் பிடித்திருக்கும் என் விரல் கணுக்கள் விறைக்கின்றன. என் முழங்கால் வலிக்குக் காரணமே அந்தக் குளிர்தான்.

"சாந்தா, சூடு காத்துல இல்ல. உனக்குள்ள இருக்குது," என்றேன்.

"அப்ப சன்னலயாவது இறக்கி விடுங்க."

சன்னலை இறக்கினால் உள்ளே இருக்கும் குளிர் வெளியே போய்விடும். மறுத்துவிட்டேன்.

இந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் எம்.டி. ஆறு வருடம் வைத்திருந்த வண்டி. இரண்டு வருடத்துக்கு முன் அவர் புது வண்டி எடுத்தபோது வெளியில் கொடுக்காமல் என்னைக் கூப்பிட்டு, "சிகாமணி, நீயே பாத்துச் சொல்லு. நீ பாஸ் போட்டா நீயே எடுத்துக்க," என்றார். ஆபீஸ் முழுக்க வேடிக்கை பார்க்க, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சோதித்தேன். குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாகக் குளிர் வைத்துக்கொள்ளும் வசதிகூட உண்டு. எம்.டி. எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவார். அவர் வைத்திருந்தவரை டிரைவர் பக்கத்து சீட்டில் யாருமே உட்கார்ந்ததில்லை. இன்றுவரை புதுசு மாதிரி இருக்கும்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலை 8.20, காரில். வழக்கம்போல்.

புது அறிகுறி. வண்டியைக் கிளப்பியதும், "முன்னாடி உள்ளுக்குள்ள டிக் டிக்குனு ஒரு சத்தம் வருதுங்க, கேக்குதா?" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. இனிக் காதையும் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. காங்கேயத்திலிருந்து வந்திருந்த என் அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்றா சிகாமணி, இட்லிச் சட்டியில உக்காந்தாப்பல இருக்குது," என்றாள்.

அக்காவுக்கு அறுபத்தொன்று. சிலருக்கு இது தாமதமாக வரும் என்று படித்திருக்கிறேன்.

பின் சீட்டில் இருந்த சாந்தாமணி என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். குறிப்பு: இன்று அவளுக்குச் சூடு வரவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

சாந்தாமணிக்குப் பேப்பர் திருத்தும் முகாம். காலை 8.00, காரில்.

டாக்டர் சொன்னதால் ஒரு மாதத்துக்கு மேலாகக் காலை ஆறு மணிக்கு வாக்கிங் போகிறாள். நல்ல பழக்கம். முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இடது கெண்டைக்கால் மட்டும் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடப்பவளுக்கு இரண்டு காலும் அல்லவா வலிக்க வேண்டும்? நரம்புக் கோளாறாக இருக்கலாம். எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று ஒரு வருந்தத்தக்க சம்பவம்.

இந்த நோட்டைத் திறந்தால் அவள் கையெழுத்தில் ஒரு வரி: "காலை 8.10. வலப்பக்கக் காற்று 11 டிகிரி. இடப்பக்கக் காற்று 43 டிகிரி. பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டர். மூன்று முறை பார்த்தது."

வழியில் கைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் காற்று வரும் இடத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தது இதற்குத்தானா!

அவளிடம் அமைதியாகக் கேட்டேன்: "இந்தத் தெர்மாமீட்டரக் கடைசியா எப்ப சரிபாத்தாங்க? சான்றிதழ் இருக்குதா?"

"பள்ளிக்கூடத் தெர்மாமீட்டருக்கு யாருங்க சான்றிதழ் குடுப்பாங்க?"

"அப்ப ஏத்துக்க முடியாது. நாங்க அளவு டேப்புக்கே வருசா வருசம் சான்றிதழ் வாங்கறோம்."

அவள் தெர்மாமீட்டரை அதன் உறைக்குள் போட்டுவிட்டுப் பருப்பு வேகவைக்கப் போனாள்.

ஏப்ரல் 20, சனி

பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர் நல்லமுத்துவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டை வரை போனேன். பத்து நிமிடத்தில் சட்டை தொப்பலாகிவிட்டது. "சார், பொரி அடுப்பு மாதிரி இருக்குது," என்றார். ரத்தக் கொதிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆண்பிள்ளை, நாற்பது வயது. உணவில் உப்பைக் குறைப்பதில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

டாக்டர் வசந்தகுமாரியிடம் நோட்டைக் காட்டினோம். மூன்று பக்கம் புரட்டினார். அந்தத் தெர்மாமீட்டர் வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் கார்லயே வந்திருக்குதே. வீட்ல வரல, ஸ்கூல்ல வரல. தூங்கறப்ப வருதாம்மா?"

"இல்லீங்க டாக்டர்."

"அப்ப நான் பாக்க வேண்டியது ஒண்ணுமில்ல." என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க காரத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

சாந்தாமணி சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள்.

படித்தவர்கள் நோயாளியின் முன் இப்படிப் பேசலாமா? இவரிடம் இனிப் போவதில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

ஆபீஸ் நண்பரின் மைத்துனர் வைத்திருக்கும் நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனேன். பெரிய டாக்டர். நோட்டைப் புரட்டவேயில்லை. நானே வாயால் சொன்னேன். கார் விஷயத்தைச் சொல்லிக் குழப்பவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். சின்னதாக ஒரு கட்டி இருக்கிறதாம். பயப்படும்படி ஒன்றுமில்லையாம்.

"கர்ப்பப்பைய எடுத்துட்டா எந்தத் தொந்தரவும் இருக்காது. பிள்ளை எல்லாம் பெத்து முடிச்சாச்சில்ல? அப்புறம் அது எதுக்கு?" என்றார் பெரிய டாக்டர். என்ன தெளிவு! மே 15, புதன்கிழமை காலை என்று தேதி கொடுத்தார்கள்.

வரும் வழியில் சாந்தாமணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகமெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"என்ன சாந்தா, சரிதானே?" என்று கேட்டேன்.

"சரிங்க," என்றாள்.

உடனே ஒத்துக்கொண்டாள். எனக்குக்கூட ஆச்சரியம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

காரில். 8.20. அவள் சொல்லவில்லை. நானே பார்த்து எழுதுகிறேன்.

மே 2, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் போனில் அரை மணி நேரம் அம்மாவிடம் பேசினாள். பிறகு என்னிடம், "அப்பா, இன்னொரு டாக்டரப் பாக்காம ஆபரேஷன் வேண்டாம்," என்றாள். இரண்டு டாக்டரைப் பார்த்தாயிற்று என்றேன். முதல் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மே 4, சனி

கத்திரி ஆரம்பம்.

மே 9, வியாழன்

வெள்ளகோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பிற்பகல் மூன்று. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு.

நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

அக்கா பேரனுக்குக் காங்கேயத்தில் காதுகுத்து. காலை பத்தரைக்குக் கிளம்பினோம். நான் சாவியை எடுப்பதற்குள் சாந்தாமணி எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் ஓட்டறனுங்க."

தமாஷ் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினாள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப?"

"வாக்கிங் போனனில்லங்க. டிரைவிங் ஸ்கூலுக்குத்தான் நடந்து போனேன்."

தெருவில் எதிர் வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு பார்த்தார். வாக்குவாதம் செய்ய முடியாத சூழ்நிலை. இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு வருடத்தில் நான் அந்த சீட்டில் உட்கார்வது இதுவே முதல் தடவை.

அவள் நன்றாக ஓட்டுகிறாள். கியர் மாற்றுவதே வெளியே தெரியவில்லை, இடது கால் கிளட்சில் அப்படிப் பழகியிருக்கிறது. இதைப் பதிவு செய்யாவிட்டால் நேர்மையாகாது.

பரமத்தி வருவதற்குள் எனக்கு மார்பில் ஓர் எரிச்சல். தென்னிலை தாண்டும்போது முகத்தில் அனல். நெற்றி, கழுத்து, பனியன் எல்லாம் வேர்வை. இடது கையில் ஒரு சூடு ஏறி இறங்கியது. நாக்கு வறண்டது. இடது கை, மார்பு, வேர்வை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது?

"சாந்தா, எனக்கு நெஞ்சு வலி. வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடு."

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்தபடி அவள் கை டாஷ்போர்டுக்குப் போனது. எனக்கு எதிரே காற்று வரும் இடத்தில் ஒரு கணம் வைத்தாள், எடுத்தாள்.

"நெஞ்சு வலிக்குதுங்களா, எரியுதுங்களா?"

"எரியுது. பெங்களூருக்குப் போன் பண்ணிப் பிள்ளைகிட்டச் சொல்லிரு."

"சன்னல இறக்கட்டுங்களா?"

"வேண்டாம், குளிர் போயிரும்," என்றேன். ஆம், அந்த நிலையிலும் அப்படித்தான் சொன்னேன்.

அவள் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு வேகமாக ஓட்டினாள். கத்திரி வெயிலின் காற்று முகத்தில் அடித்தது. என்ன காரணமோ, கொஞ்சம் தேவலாம்போல் இருந்தது. வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தோம்.

ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ஈசிஜி. பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும்.

"எல்லாம் நார்மலா இருக்குதுங்க சார். உடம்புல தண்ணிதான் கம்மி. இந்த வெயில்ல ஏசி இல்லாத வண்டியிலயா வந்தீங்க?"

"ஏசி போட்டுத்தான் வந்தோம்," என்றேன்.

டாக்டரம்மா குழப்பத்துடன் சாந்தாமணியைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு வருசமா இப்படித்தானுங்க இருக்குது," என்றாள் சாந்தாமணி. "எனக்கு நெஞ்சுக் கோளாறுன்னு தோணல. அவருக்குத் தோணிருச்சு."

இளநீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். காதுகுத்து முடிந்திருக்கும்.

மே 10, வெள்ளி

கோவை ரோட்டில் ஜெரால்டு என்பவரின் ஏசி ஷெட். சாந்தாமணிதான் வண்டியை ஓட்டிவந்தாள். நான் பின் சீட்டில்.

ஜெரால்டு ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். பானெட்டைத் திறந்து குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். மீட்டரை மாட்டிக் கேஸ் அளவு சரியாக இருக்கிறது என்றார். கம்ப்ரசரும் ஓடுகிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. "நாந்தான் சொன்னனே," என்று தொடங்கினேன். அவர் அதற்குள் உள்ளே ஏறி உட்கார்ந்து, தன் தெர்மாமீட்டரை முதலில் வலப்பக்கம் வைத்தார், பிறகு இடப்பக்கம் வைத்தார்.

"இங்க ஒம்பது. இங்க நாப்பத்திநாலு."

நான் சான்றிதழ் கேட்கவில்லை.

டாஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு மோட்டாரை எடுத்தார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். இரண்டு பல் இல்லை.

"குளிர் காத்தையும் இஞ்சின் சூட்டையும் கலக்கறதுக்கு உள்ள தகடு இருக்கும் சார். அந்தப் பக்கத்துக்கு ஒண்ணு, இந்தப் பக்கத்துக்கு ஒண்ணு. இந்தப் பக்கத்துத் தகடு சூட்டுப் பக்கமே நின்னுருச்சு. பல்லு போனதால திருப்ப முடியல. வண்டி எடுக்கறப்பல்லாம் திருப்பப் பாத்துட்டு டிக் டிக்குனு அடிச்சிருக்குமே?"

நான் அந்தப் பல்சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

"ஹீட்டர் முன்னாடி உக்கார வெச்ச மாதிரி சார் இது. சுத்தியிருக்கற அழுக்கப் பாத்தா ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும். இந்த சீட்டுல உக்கார்றவங்க யாரும் சொல்லலீங்களா?"

"சொல்லல," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என் பின்னால் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னேனுங்க," என்றாள் ஜெரால்டிடம், விலாசம் சொல்வதுபோல் சாதாரணமாக. "ரெண்டு கோடையா சொன்னேன்."

ஜெரால்டு எங்கள் இருவரையும் பார்த்தார். புது மோட்டார் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் தன் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. "அந்தப் பல்சக்கரம் ரொம்ப மட்டமான பிளாஸ்டிக்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"உங்கள மாட்டி வெக்கறதுக்கு நான் கார் கத்துக்கலீங்க," என்றாள். "நானே ஓட்டுனா சன்னலத் தெறந்து விட்டுக்கலாம்னு கத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

"சரி."

"அந்தத் தெர்மாமீட்டர நீங்க வேண்டான்னீங்கல்ல. அதுக்கப்புறம் ஒரு நாள் ஸ்டாஃப் ரூம்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கறேன். எனக்கு இப்ப சூடா இருக்குதா இல்லையான்னு என்னையே கேட்டுக்கறேன், சொல்லத் தெரியல. இருபத்திநாலு வருசமா பிள்ளைங்களுக்கு வெப்பம்னா என்னன்னு பாடம் நடத்தறவ நான்." நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள். "பதினஞ்சாந் தேதிக்குச் சரின்னு சொன்னது, உங்களுக்காக இல்லீங்க. எனக்குள்ளதான் இருக்குதுன்னு நெசமாவே நம்பிட்டேன். நேத்து உங்க முன்னாடி கைய வெக்கற வரைக்கும்."

நான் காரின் காலியான இடப்பக்க சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நீங்க கைய நீட்டிப் பாத்திருந்தாப் போதுங்க," என்றாள்.

ஜெரால்டு வந்து மோட்டாரை மாற்றினார். வேலை இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மே 11, சனி

நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து பதினைந்தாம் தேதி வேண்டாம் என்று சொன்னேன். காரணம் எழுத வேண்டும் என்றாள் போனை எடுத்த பெண்.

"வண்டி சரியாயிருச்சுங்க," என்றேன்.

"என்னங்க சார்?"

"வண்டி."

எழுதிக்கொண்டாளா என்று தெரியவில்லை.

டாக்டர் வசந்தகுமாரியிடம் போய் அந்தச் சின்னக் கட்டியைப் பற்றியும் கேட்டுவிட்டு வந்தாள் சாந்தாமணி. அது பாட்டுக்கு இருக்கட்டும், வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றாராம். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

நல்லமுத்துவிடம் உப்புப் போட்டுச் சாப்பிடலாம் என்று சொன்னேன். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மே 12, ஞாயிறு

சாந்தாமணி ஈரோட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் காலையிலேயே கிளம்பினாள், தனியாக. இரண்டு நாள் கழித்து வருவாளாம். ஏசி இப்போது இரண்டு பக்கமும் ஒரே குளிர். ஆனாலும் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டுதான் போனாள்.

அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் போர்ட்டிகோவில் வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஆபீஸ் டேப்பை எடுத்து அளந்தேன். சான்றிதழ் உள்ள டேப்.

என் தோளிலிருந்து இடப்பக்கக் காற்று வரும் இடம்வரை அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

என் கை எழுபத்தொன்று.